அரசிதழில் வராத விதி உங்களைக் கட்டாது

நெய்வேலி ஆர்ச் கேட்டைத் தாண்டிப் பண்ருட்டிச் சாலையில் வண்டியை விட்டால், சிறிது தூரத்திலேயே முந்திரித் தோப்புகள் கண்ணில் படத் தொடங்கும். காடாம்புலியூர்ப் பக்கம் வந்தால் கொட்டை உடைக்கும் ஆலைகள். அங்கே உடைபடுவதில் நம் செம்மண்ணில் விளைந்தது ஒரு பங்குதான். மற்றது ஐவரி கோஸ்ட், கானா, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கொட்டை. ஆலையில் தோல் உரிக்க உட்காரும் பெண்ணின் கூலியும் டில்லியில் வெளியாகும் இறக்குமதி அறிவிப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை.

2019 ஜூனில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. இறக்குமதியாகும் முந்திரிப் பருப்பு, உடைந்ததென்றால் கிலோ 680 ரூபாய்க்கும், முழுப் பருப்பென்றால் 720 ரூபாய்க்கும் குறைவான மதிப்பில் வந்தால் தடை. மலிவுப் பருப்பு வந்து குவிந்து உள்ளூர் ஆலைகள் மூடாமலிருக்க இது அரண். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கட்டிவிட்ட வியாபாரிக்கோ இதுவே இடி. இந்த விதி எப்போது, எங்கே வெளியானது, எந்த நாளிலிருந்து செல்லும் என்று கேட்கும் உரிமை இருவருக்குமே உண்டு. அப்படியொரு உரிமை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் என் வருத்தம்.

அந்த உரிமையின் வேர் 1947-ல் கையெழுத்தான, சுங்க வரி, வர்த்தகம் குறித்த பொது ஒப்பந்தமான காட் ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவில் இருக்கிறது. வர்த்தக விதிகளை உடனே வெளியிட வேண்டும். வரியை உயர்த்தும் ஆணையை முறைப்படி வெளியிடும் முன் அமல்படுத்தக் கூடாது. சுங்க முடிவை எதிர்த்து முறையிட ஓர் இடம் இருக்க வேண்டும் என்கிறது அது. 2017 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்கல் ஒப்பந்தம் இதை இன்னும் விரித்தது; இந்தியா அதை 2016-லேயே ஏற்றுக்கொண்டது. உலக வர்த்தக அமைப்பில் நாடுகள்தாம் ஒன்றன்மீது ஒன்று வழக்காட முடியும். தனி வியாபாரி அங்கே போக முடியாது. ஆனால் அதே நியாயம் நம் நீதிமன்றங்களில் நமக்குக் கிடைக்கிறது.

புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத சுங்க வரி விதிக்கப்பட்டது. அறிவிப்பு மின்னணு அரசிதழில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 வினாடி. அதற்கு முன்பே, அதே நாளில், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்திருந்தவர்களிடமும் 200 சதவீதம் கேட்டது சுங்கத்துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கு என்று பெயர். 2020 செப்டம்பர் 23-ல் தீர்ப்பு: அரசிதழில் ஏறிய அந்த நேரத்துக்கு முன் தாக்கலானவற்றுக்குப் புதிய வரி செல்லாது. நாட்டுணர்வு கொதித்துக்கொண்டிருந்த நாளில்கூட, மக்களுக்குத் தெரிவிக்காத விதி அவர்களைக் கட்டாது என்று நீதிமன்றம் நின்றது. இந்தத் தீர்ப்பை வியாபாரம் செய்யும் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

2025 ஜனவரியில் இன்னொரு நல்ல மாற்றம். வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையை வகுக்கும்போதும் திருத்தும்போதும் ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று கொள்கையிலேயே எழுதப்பட்டது. அவசரச் சூழலில் அரசு தானாக முடிவெடுக்கலாம் என்ற விலக்கும் உண்டு. கருத்துக் கேட்கும் அறிவிப்பு, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் வரும். காடாம்புலியூர் ஆலைக்காரர் எழுதாவிட்டால் அங்குள்ள நிலைமை டில்லிக்கு எப்படித் தெரியும்?

துறைமுகத்துக்கு வருவோம். நீங்கள் காட்டிய மதிப்பையோ வகைப்பாட்டையோ அதிகாரி ஏற்காமல் வரியைக் கூட்டினால், சுங்கச் சட்டம் 17(5) பிரிவின்படி 15 நாளுக்குள் காரணங்களோடு எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். கூட்டியதை நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் மட்டும் அந்தக் கடமை இல்லை. கன்டெய்னருக்கு வாடகை ஏறுகிறதே என்ற பதற்றத்தில், ஏஜென்ட் நீட்டும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மேல்முறையீட்டின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். சரக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

உத்தரவு கையில் கிடைத்த 60 நாளுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 3 மாதத்துக்குள் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. மேல்முறையீடே செய்யாமல் பணத்தை மட்டும் திருப்பிக் கேட்டால் கிடைக்காது என்று 2019-ல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருளுக்கு எந்த வரி என்று சந்தேகம் இருந்தால், சரக்கு கப்பலேறும் முன்பே முன்கூட்டிய தீர்வு கேட்டு விண்ணப்பிக்கலாம். திடீரென்று கட்டுப்பாடு வந்தால், அதற்கு முன்பே திரும்பப் பெற முடியாத வங்கிக் கடன் கடிதம் திறந்திருந்தவர்கள், 15 நாளுக்குள் அதை டி.ஜி.எஃப்.டி. வட்டார அலுவலகத்தில் பதிந்து பாதுகாப்புப் பெற வழி இருக்கிறது. அந்தப் 15 நாளைத் தவறவிட்டால் பாதுகாப்பும் போய்விடும்.

வெளிப்படைத்தன்மை அரசுக்கு மட்டுமான கடமை இல்லை. விலைப்பட்டியலில் பொய் மதிப்பு காட்டினால், சரக்கின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தரமும் அப்படியே. 2020-ல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதை பெல்ஜியம் கண்டுபிடித்ததும், ஐரோப்பா முழுக்க உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எந்த நாட்டில் என்ன வரம்பு மாறப்போகிறது என்று உலக வர்த்தக அமைப்புக்கு வரும் அறிவிப்புகளை ஈ-பிங் என்ற இலவசச் சேவை மின்னஞ்சலிலேயே அனுப்புகிறது. பதிவு செய்துகொள்ளச் செலவில்லை.

கடைசியாக, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓய்வு பெற்றவர்களுக்கும் வேலை தேடும் பிள்ளைகளுக்கும் ஒன்று. “சார், உங்க பேர்ல ஒரு ஐ.இ.சி. மட்டும் எடுத்துக் குடுங்க, மாசா மாசம் பணம் வரும்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏற்றுமதி, இறக்குமதிக்கான அந்த எண் உங்கள் பான் எண்ணோடு ஒட்டியது. அதில் வரும் கன்டெய்னருக்குள் என்ன இருந்தாலும் முதல் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான். வரி ஏய்ப்புக்கு இப்படிப் பிறர் பெயர்களைப் பயன்படுத்துவதை வருவாய்ப் புலனாய்வுத் துறை பல வழக்குகளில் பிடித்திருக்கிறது. சொந்தமாக ஐ.இ.சி. வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் முடிவதற்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், விவரங்களை இணையத்தில் உறுதி செய்யுங்கள். செய்யாவிட்டால் எண் முடக்கப்படும்.