மதுவிலக்கு ஓவியரும் மதுப்பிரியரும்

சேக்ஸ்பியர் படைத்த நகைச்சுவைப் பாத்திரங்களுள் சேர் யோன் போல்ஸ்ராப்புக்கு இணையான மற்றொன்றைக் காட்டுதல் அரிது. பருத்த உடல், நரைத்த தாடி, வாய் திறந்தாற் பொய், வாங்கிய கடனைத் திருப்பியறியாத கை. ஆயினும் அவரை வெறுப்பார் எவருமிலர். 'நான்காம் என்றி' நாடகத்தின் முதற் பாகத்திலே, உறங்கும் அவருடைய சட்டைப்பையிலிருந்து கணக்குச் சீட்டொன்று எடுக்கப்படுகிறது. 'சாக்' என்னும் மது 2 கலன். பாண் அரைப் பென்சுக்கு!

இந்தக் குடிப்பிரியரின் வரலாற்றை 1857-58 ஆம் ஆண்டுகளில் 20 சித்திரங்களாகத் தீட்டியவர் யோர்ச் குறூக்சாங். றொபேட் புறவ் என்னும் எழுத்தாளர் உண்மை வரலாறுபோற் பாவனைசெய்து எழுதிய வேடிக்கைச் சரிதத்துக்காக அவை வரையப்பட்டன. இங்கே வியப்பு யாதெனின், வரைந்தவர் மதுவின் பரம வைரி என்பதே.

குறூக்சாங்கின் தந்தையாரும் கேலிச்சித்திரக்காரர்; குடியாற் கெட்டு 1811 இல் மாண்டார் என்பர். மகனாரும் இளமையிற் குடித்தவரே. கையால் வண்ணந்தீட்டி விற்கப்பட்ட அவருடைய அரசியற் கேலிச்சித்திரங்கள் அக்காலத்தில் இலண்டனைச் சிரிக்கவைத்தன. குடியாற் குடும்பமொன்று அழிவதை 8 படங்களிற் காட்டும் 'போத்தல்' என்னும் தொடரை 1847 இல் வெளியிட்டபின், அவர் தாமும் மதுவை அறவே துறந்தார். அம்மட்டில் நின்றாரா? குழந்தைகளுக்குரிய தேவதைக் கதைகளிலும் மதுவிலக்குப் பிரசாரத்தைப் புகுத்தினார். 'ஒலிவர் துவிஸ்ற்' நாவலுக்கு அவரைக்கொண்டு படம் வரைவித்த நண்பர் டிக்கன்ஸே 1853 இல் அதனைக் கண்டித்து எழுத நேர்ந்தது. டிக்கன்ஸ் பக்கமே நியாயம் என்பது எம் கருத்து.

அத்தகையவர் கையிற் போல்ஸ்ராப் அகப்பட்டால் என்னாவது? மதுக்கிண்ணம் பறிபோகும் என்றே எவரும் அஞ்சுவர். அவ்வாறு நிகழவில்லை. வழிப்பறியிலே தம்மை எதிர்த்தவர் இருவர் என்று தொடங்கி, நால்வர், எழுவர், ஒன்பதின்மர், பதினொருவர் என வளர்த்துக்கொண்டு போகும் அந்தப் புளுகர். தலையணையை முடியாக்கி அரசனாய் நடிக்கும் அந்தக் கூத்தர். கந்தல் அணிந்த படையைப் பார்வையிடும் தளபதி. வின்சரிலே அழுக்குத்துணிக் கூடையோடு தேம்ஸ் நதிக்கரையில் எறியப்படும் கிழக் காதலர்: எல்லாரும் உயிரோடு நிற்கின்றனர். உருக்குத் தகட்டிலே ஊசியாற் கீறி, அமிலத்தால் அரிப்பித்துப் பதித்த நுண்கோடுகள் இவை. இளமைக்காலப் படங்களின் வண்ணம் இங்கில்லாமை குறையாகத் தோன்றவில்லை. பேருடலின் அசைவைக் கோடே காட்டிவிடுகிறது. நம் இலக்கண நூலார் நகைக்கு நிலைக்களன் நான்கு கூறி, அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தனர். இவ்வோவியர் எள்ளுகிறார், இகழவில்லை.

தொடரின் இறுதியிற் போல்ஸ்ராப்பின் மரணப்படுக்கை வருகிறது. சேக்ஸ்பியர் அதனை மேடையிற் காட்டினாரல்லர். 'ஐந்தாம் என்றி'யில் விடுதித் தலைவியின் வாய்ச்சொல்லாகவே கேட்பித்தார். குளிர்ந்துபோன கால்களை அவள் தடவிப் பார்த்ததும், சாகுந்தறுவாயிலும் அவர் 'சாக்' பற்றிக் கூவியதும் அங்கே பேசப்படுகின்றன. குடியின் கேட்டைப் போதிக்க இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. 'போத்தல்' வரைந்தவர் அவ்வாய்ப்பை விட்டுவிட்டு, இறக்கும் கிழவர் ஒருவரை மாத்திரம் வரைந்தார்.