பியானோ கச்சேரியில் எப்போ கைதட்டணும்? காவிரிக்கரை ரசிகரின் நியாயமான சந்தேகம்

பாட்டு நின்றது. பியானோ வாசிப்பவர் கையை எடுத்துவிட்டார். ‘அருமை’ என்று ஒருவர் கைதட்டுகிறார். பக்கத்தில் யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் இருப்பவர் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். தட்டியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த அரை மணி நேரம் இசையைக் கேட்காமல் பக்கத்து ஆட்களையே கவனித்துக்கொண்டு இருக்கிறார்.

மேற்கத்திய செவ்வியல் இசைக்கு முதல்முறை போகிற பலருக்கு நடப்பது இதுதான். 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் இளையராஜா தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியபோது, நான்கு பகுதிகள் கொண்ட ஒரு படைப்பை எப்படிக் கேட்பது என்ற கேள்வி தமிழ் ரசிகர்கள் பலருக்கு முதல்முறையாக வந்தது. பகுதிக்குப் பகுதி தட்டலாமா? கடைசி வரை சும்மா இருக்கணுமா?

இதில் ‘நமக்கு ரசிக்கத் தெரியவில்லை’ என்று குறுகிப்போக எதுவும் இல்லை. ஏன் என்று புரிய பாபநாசம் வரை போய் வரலாம். கமல் படத்தில் வரும் நெல்லைச் சீமை பாபநாசம் அல்ல. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் ரயில் பாதையில், வயல்களுக்கு நடுவே இருக்கும் பாபநாசம்.

சும்மா உட்காராத ரசிகர்கள்

இந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் பாபநாசம் சிவன். 1890-ல் போலகத்தில் பிறந்த ராமையா. ‘என்ன தவம் செய்தனை’, ‘நானொரு விளையாட்டு பொம்மையா’ போன்ற பாடல்களைத் தந்தவர். மேடைக் கச்சேரியைவிட மார்கழி பஜனைக்காகவே அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலையில் அவர் பாடிக்கொண்டே நடப்பார், கூட்டமும் பாடிக்கொண்டே நடக்கும். அங்கே பாடுகிறவர் யார், ரசிகர் யார் என்று கோடு போட முடியாது.

காவிரிக்கரை முழுக்க இதே கதைதான். பாபநாசம் தாலுகாவில் இருக்கும் மெலட்டூரில் பாகவத மேளா நாடகம் விடிய விடிய நடக்கும். குழந்தை மடியில் தூங்கும், பாட்டி கதையை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு இருப்பார். சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் நின்று வாசிக்கும் இடத்தில் கூட்டமும் நிற்கும், அது நகர்ந்தால் கூட்டமும் நகரும். திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்தின கீர்த்தனைகளை வித்வான்கள் சேர்ந்து பாடும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வாயும் அசையும்.

சபாக் கச்சேரியிலும் ரசிகர் சும்மா இருப்பதில்லை. தொடையில் தாளம் போடுவார். ஆலாபனையில் ஒரு நல்ல பிடி விழுந்தால் ‘பேஷ்!’ என்பார், ‘ஆஹா!’ என்பார். பாடகர் நிறுத்தும் வரை காத்திருக்க மாட்டார். பக்கவாத்தியக்காரரே மேடையிலிருந்து ‘பலே’ போடுவார்.

வெளியாளுக்கு இது ஒழுங்கில்லாத சத்தமாகத் தெரியலாம். ஆனால் இதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க வித்வான் மூன்று முறை வரும் கோர்வையைக் கட்டிக்கொண்டு போய், கணக்குப் பிசகாமல் எடுப்பில் இறக்கும் அந்த நொடியில்தான் கைதட்டல் வெடிக்கும். அரை மாத்திரை முந்தித் தட்டினால், கணக்குத் தெரியாதவர் என்று பக்கத்து சீட் மாமா முடிவு கட்டிவிடுவார். (தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபி குடிக்க எழுந்து போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்த இலக்கணமும் இல்லை.)

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது?

இப்போது அடுத்த பக்கம். பியானோ அரங்கில் இருமக்கூட யோசிக்கிற அளவுக்கு இருக்கும் அமைதி, ஆதியிலிருந்து வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

1778-ல் பாரிஸில் மொசார்ட்டின் சிம்பொனி அரங்கேறியது. முதல் பகுதி முடிவதற்கு முன்பே, நடுவில் வந்த ஓர் இடத்துக்கு ஜனங்கள் கைதட்டினார்கள். மொசார்ட் கோபப்படவில்லை. இந்த இடம் எடுபடும் என்று தெரிந்தேதான் எழுதினேன், கடைசியில் இன்னொரு முறையும் வைத்தேன் என்று அப்பாவுக்குக் கடிதமே போட்டார். கோர்வைக்குக் கைதட்டல் வரும் என்று தெரிந்து வாசிக்கும் மிருதங்கக்காரருக்கும் அவருக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

தனியாளாக பியானோ வாசித்து ஒரு முழு நிகழ்ச்சியை நடத்தும் பழக்கத்தைப் பரப்பியவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். ‘ரிசைட்டல்’ என்ற சொல்லை 1840-ல் லண்டன் நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். அவர் கச்சேரியில் ரசிகர்கள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, கவிஞர் ஹைனே 1844-ல் ‘லிஸ்ட்டோமேனியா’ என்று பெயரே வைத்தார். நம்ம ஊர் முதல் நாள் முதல் ஷோ மாதிரி!

அமைதி பிறகுதான் வந்தது. 1882-ல் வாக்னர் தன் ‘பார்சிஃபால்’ நாடகத்தின்போது நடுவில் திரை விலக்கி நடிகர்களை வணங்க வைக்க வேண்டாம் என்று சொல்ல, ரசிகர்கள் கைதட்டவே கூடாது என்று அதைப் புரிந்துகொண்டார்கள். பின்னொரு நாள் ஒரு காட்சிக்கு ஒருவர் ‘பிராவோ’ என்று கத்த, மற்றவர்கள் ‘உஷ்’ என்று அடக்கினார்களாம். கத்தியவர் வாக்னர்! 20-ம் நூற்றாண்டில் இந்தப் பழக்கம் இறுகி, எழுதாத சட்டம் ஆகிவிட்டது.

ஆனாலும் காரணம் இருக்கு

சட்டம் புதுசு என்பதால் அர்த்தம் இல்லாதது என்று ஆகிவிடாது. நம் கச்சேரியில் தம்புராவோ சுருதிப் பெட்டியோ எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பாடகர் தண்ணீர் குடிக்கும்போதுகூட நிற்பதில்லை. அங்கே முழு நிசப்தம் என்பதே கிடையாது; ‘பேஷ்’ விழுந்தால் அந்த ரீங்காரத்தின் மேல்தான் விழுகிறது. போதாததற்கு மைக் வேறு.

பியானோவுக்குப் பெரும்பாலும் மைக் கிடையாது. சுத்தியல் கம்பியைத் தட்டியதும் பிறக்கும் ஒலி அந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். வீணைக்கும் அப்படித்தான். ஆனால் வீணைக்காரர் கம்பியை இழுத்து, அந்த மிச்ச ஒலியிலேயே கமகம் காட்டலாம். பியானோவில் விசையை அழுத்திய பிறகு சுரத்தை வளைக்க வழியே இல்லை. அதனால் மெதுவான பகுதியில் ஒலி தேய்ந்து மறைவதையே இசையின் பகுதியாக வைத்து எழுதியிருப்பார்கள். ஒரு ‘ஆஹா’ அதை மூடிவிடும்.

கமகம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லணும். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்திலேயே (1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது. அந்த இசையின் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. திருவாரூர் தீட்சிதர் குடும்பத்துப் பாலுசுவாமி கற்ற வயலின் கர்னாடக இசைக்குள் வந்து, இன்று அது இல்லாமல் கச்சேரியே இல்லை. பியானோ வரவில்லை. வயலினில் விரல் வழுக்கும், பியானோவில் வழுக்காது, அவ்வளவுதான். இதே குறையைச் சொல்லி 1940-ல் ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி சுமார் 30 ஆண்டு ஒதுக்கி வைத்திருந்தது.

தோடி காந்தாரத்தின் அசைவைக் கேட்டுப் பழகிய காது, பியானோவில் அதைத் தேடினால் ஏமாறும். தேட வேண்டியது வேறு: ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று முட்டுவது, விலகுவது, இடது கை சொல்வதை வலது கை மறுப்பது. சென்னை பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன், பாடகர் சிக்கில் குருசரணோடு செய்யும் நிகழ்ச்சிகள் நம் காதுக்கு நல்ல படிக்கட்டு. கமகம் பாட்டில் இருக்கும். பியானோ அதைக் காப்பி அடிக்காமல் சுற்றிலும் இடம் போட்டுக் கொடுக்கும்.

வேகத்துக்கு மட்டும் தட்டுவது இரண்டு ஊரிலும் உள்ள நோய். 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 13 வயது லிடியன் நாதஸ்வரம் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்து, பிறகு 325-க்கு ஏற்றியபோது அரங்கம் எழுந்து நின்றது. நின்றது சரிதான், அந்த வயதில் அது அபாரம். ஆனால் ஒரு பியானோ கலைஞரின் கை எதற்கு ஏங்கும் என்று கேட்டால், மெதுவாக முடியும் ஒரு பகுதிக்குப் பிறகு யாரும் அசையாமல் இருக்கும் அந்த மூன்று விநாடியும் பட்டியலில் இருக்கும்.

சரி, எப்போதான் தட்டுவது?

நிகழ்ச்சித்தாளைப் பாருங்கள். ஒரு சொனாட்டா என்றால் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகள் போட்டிருக்கும். கடைசிப் பகுதி முடிந்ததும் தட்டலாம். ஷோப்பானின் ஒரு பலாட் மாதிரி தனித்து நிற்கும் படைப்பு என்றால் அது முடிந்ததுமே. தாள் கையில் இல்லையா? வாசிப்பவரின் கையைப் பாருங்கள். விசைகளுக்கு மேலேயே கை நின்றால் இன்னும் இருக்கிறது. மடிக்கு வந்து, தோள் தளர்ந்து, அவர் எழுந்தால் முடிந்தது. நடுவில் ஒரு முறை தட்டிவிட்டால் குடி முழுகிப் போகாது. வெடித்து முடியும் முதல் பகுதிக்குக் கை தானாக எழுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாத கலைஞர்கள் நிறைய.

கடைசியில் தட்டிக்கொண்டே இருந்தால் அவர் திரும்பி வந்து இன்னொன்று வாசிப்பார். அதுதான் ‘ஆங்கோர்’. நம் நாடக மேடை ‘ஒன்ஸ்மோர்’ போல அதே பாட்டைத் திரும்பக் கேட்பது அல்ல. பெரும்பாலும் புதுசாக, சின்னதாக ஒன்று வரும். என்ன என்பது அவர் இஷ்டம். துக்கடா நேரத்தில் மேடைக்குச் சீட்டு அனுப்புகிற பழக்கம் மட்டும் அங்கே செல்லாது.