மதியிறுக்கமுடைய குழந்தையும் தாய்மொழியும்

ஆட்டிசம் என்னும் நிலையைத் தமிழில் மதியிறுக்கம் என வழங்குகிறோம். பெயரைக் கொண்டு, அறிவு இறுகிப்போன நிலையென்று எவரும் கருதிவிடலாகாது. இக்குழந்தைகளுள் கூர்த்த அறிவினரும் உளர். கற்றலில் மிகுந்த துணை வேண்டுவோரும் உளர். இது மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பெற்றோர் அன்பு காட்டாமையால் வருவதன்று, தடுப்பூசியால் வருவதுமன்று.

பிறரோடு உறவாடுவதில் இடர்ப்படுதல், வழக்கம் மாறினால் கலங்குதல், ஒலியையும் தொடுகையையும் மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் பொது இயல்புகள். மொழி பற்றிய இயல்பை மட்டும் இங்கு விரித்துரைக்க விழைகிறோம்.

லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கேட்ட சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லும் பழக்கத்தை அவர் அதிலேயே குறித்துள்ளார். “உனக்குத் தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்டுத் தாய் நாள்தோறும் நீர் தருகிறாள். பிறகு தாகம் எடுக்கும்போது குழந்தையும் “உனக்குத் தண்ணீர் வேண்டுமா?” என்றே சொல்கிறது. ‘உனக்கு’ என்பது ‘எனக்கு’ என மாறுவதில்லை. இதனைக் கிளிப்பிள்ளைப் பேச்சென்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால், குழந்தை அத்தொடரால் தன் தேவையைத்தான் உணர்த்துகிறது. அவ்வேளையில் திருத்திக் கடிந்துகொள்ளாமல், “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று குழந்தையின் இடத்தில் நின்று சொல்லிக்காட்டி, உடனே நீரைக் கொடுத்தல் வேண்டும்.

வகுப்பறையிலும் குறிப்பாகப் பேசுதல் பயன் தராது. “நேரமாகிவிட்டதே!” என்றால் அக்குழந்தை வாளாவிருக்கலாம். “புத்தகத்தைப் பையில் வை” என்றால் வைக்கும். அடுத்து என்ன நிகழும் என்பதைப் படங்களால் வரிசைப்படுத்திக் காட்டினால் அதன் கலக்கமும் குறையும்.

இனி, தாய்மொழி பற்றிய கவலைக்கு வருவோம். மதியிறுக்கம் உறுதியானதும், “இரண்டு மொழி குழந்தைக்குச் சுமை, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவோர் நம்மிடையே உளர். இருமொழிச் சூழல் இக்குழந்தைகளின் மொழி வளர்ச்சியை மேலும் தாழ்த்துகிறது என்பதற்கு ஆய்வுகள் சான்று காட்டவில்லை. ஆங்கிலம் சரளமாக வாராத தாய் தமிழையும் விட்டுவிட்டால், அவள் பேச்சு நான்கைந்து ஏவல்களாகச் சுருங்கிவிடும். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியோ பேரப்பிள்ளையிடம் பேச வழியற்றுப் போவாள். உறவாடவே இடர்ப்படும் குழந்தைக்கு இவ்விழப்பு சிறிதன்று.

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் சிறப்புத் தேவையுடைய குழந்தைகளையும் உள்ளடக்குகிறது. ஆகவே, பெற்றோர் ஆலோசனை கேட்டு வரும்போது, குழந்தையோடு எம்மொழியில் தடையின்றியும் அன்போடும் பேச இயலுமோ அம்மொழியிலேயே பேசுமாறு ஆசிரியர் துணிந்து கூறலாம். பேச்சுப் பயிற்சியாளரிடமும் வீட்டுமொழி தமிழென்பதைத் தெரிவிக்கச் சொல்லுதல் நலம்.