நீர் நின்ற வயலும் பசளையும்

பசளை பற்றிய வாதம் எமது நாட்டில் வெறும் கமத்தொழில் வாதமாக இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, சேதனப் பசளை புனிதம் என ஒருசாராரும், இரசாயனமின்றேல் சோறில்லை என மறுசாராரும் வாதிட்டனர். நெல்வயலின் மண் ஏனைய மண்களைப் போன்றதன்று என்பதை இருசாராரும் பெரிதும் மறந்தனர்.

வயலில் நீர் கட்டப்பட்டதும் மண்ணிலுள்ள ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடுகின்றது. அதன்பின் நுண்ணங்கிகள் தமது சுவாசத்துக்கு நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று ஆகியவற்றை ஏறத்தாழ இவ்வொழுங்கிலேயே நாடுகின்றன. ஈற்றில் மீதேன் பிறக்கின்றது. இதனை இரசாயனவியலார் தாழ்த்தல் என்பர். (மண்ணுள் இலைகுழை புதைப்பதையும் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் 'குழை தாழ்த்தல்' என்றே கூறுவது சுவையான தற்செயல்.) இம்மாற்றங்களை ஒழுங்குபட விளக்கிய 1972ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர், பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கையர் பீலிக்ஸ் பொன்னம்பெரும ஆவார்.

தாழ்த்தல் நெல்லுக்கு நன்மையும் தீமையும் செய்கின்றது. அமில மண் நடுநிலையை நெருங்குகின்றது. இரும்போடு பிணைந்துகிடந்த பொசுபேற்று விடுபடுகின்றது. ஆனால் இரும்பு மிகுந்த ஈரவலயத் தாழ்நிலங்களில் பச்சைக் குழையை இட்டவுடன் நாற்று நட்டால், கரையும் இரும்பும் சேதன அமிலங்களும் பெருகி வேரைத் தாக்குகின்றன. இலை வெண்கல நிறமாகின்றது. வைக்கோலோ முதலில் மண்ணின் நைதரசனை நுண்ணங்கிகளின் உடலுள் முடக்கிவிடுகின்றது. எனவே குழைக்கும் வைக்கோலுக்கும் மக்குவதற்குச் சில வார அவகாசம் வேண்டும். யூரியாவும் குற்றமற்றதன்று. மேற்பரப்பில் வீசப்பட்டால் ஒரு பகுதி அமோனியாவாகப் பறக்கின்றது. இன்னொரு பகுதி மேலுள்ள மெல்லிய ஒட்சியேற்றப் படையில் நைத்திரேற்றாகி, கீழிறங்கி, வாயுவாகத் தொலைகின்றது.

கணக்கையும் பார்ப்போம். ஒரு தொன் நெல் விளைய ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைதரசன் வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுள்ள கூட்டெருவில் 10 தொன் இட்டாலும் 100 கிலோவே கிடைக்கும். அதிலும் சிறு பங்கே அப்போகத்தில் பயிரைச் சேரும். இத்தனை எருவை ஒரே போகத்துக்குள் யார் ஆக்குவது, யார் சுமப்பது? தடை அவ்வாண்டு நவம்பரில் தளர்த்தப்பட்டது. பெரும்போக விளைச்சலோ பெருமளவு வீழ்ந்தது.

ஆயினும் சேதனப் பொருளை நாம் நிராகரிக்கவில்லை. ஆண்டுதோறும் வைக்கோலை எரிக்காது மண்ணுக்கே திருப்பினால் பொட்டாசியமும் சிலிக்காவும் மீள்கின்றன. நைதரசன் வளமும் மெல்ல உயர்கின்றது. அப்பயன் சில ஆண்டுகள் சென்றே தெரியும். ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவனுக்கு அடுத்த போகம் அவ்வயல் உண்டா என்பதே நிச்சயமில்லை; அவன் வளர்த்த மண்ணைக் காரணங்காட்டியே நிலவுடைமையாளன் குத்தகையை உயர்த்தவும் கூடும்.