சொல்லும் சட்டமும்: கொரியச் சட்டத் தேடலில் செயற்கை நுண்ணறிவு

சட்டம் தெரியாது என்பதைக் காரணம் காட்டி எவரும் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் கோட்பாடு. அது நியாயமானதாக அமைய வேண்டுமானால், இன்று நடைமுறையிலுள்ள சட்டம் யாது என்பதைச் சாதாரணக் குடிமகனும் எளிதில் அறிந்துகொள்ள வழியிருத்தல் வேண்டும். இத்துறையில் தென் கொரியா செய்துள்ள ஏற்பாடுகளும், அவற்றைச் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தும் முறையும் நிர்வாகத்தில் ஈடுபட்டோர் ஆராயத்தக்கவை.

அந்நாட்டில் பிரதமரின் கீழ் இயங்கும் அரசுச் சட்டவாக்க அமைச்சகம், தேசியச் சட்டத் தகவல் மையம் என்னும் இணையதளத்தை நடத்திவருகிறது. சட்டங்கள், குடியரசுத் தலைவர் ஆணைகள், அமைச்சக விதிகள், உள்ளாட்சி விதிகள், தீர்ப்புகள் ஆகியவற்றை அதில் கட்டணமின்றிப் படிக்கலாம். கணினி நிரல்கள் நேரடியாக இவற்றைக் கேட்டுப் பெறுவதற்கும் தனி வழி திறக்கப்பட்டுள்ளது. சட்ட வாசகங்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று கொரியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு கூறுவதால், அவற்றை எவரும் எடுத்தாளலாம்.

தேடல் கருவி ஏன்?

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, கேட்ட கேள்விக்கு நினைவிலிருந்து விடை கூறுவதோடு நில்லாமல், தேவையான கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கி விடை காணும் நிரலாகும். நினைவை மட்டும் நம்பினால் விளையும் கேடு நாம் அறிந்ததே. இத்தகைய நிரல் புனைந்து தந்த, உண்மையில் இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டியதற்காக 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஆகவே, முகவர் முதலில் மூலச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்து, அதன்பின் விடை கூற வேண்டும் என்னும் முறை வலுப்பெற்றுள்ளது. இத்தேடலுக்கான எளிய கருவியே திறவுச்சொல் தேடல். முகவர் ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் பயிலும் சட்டங்களையும் பிரிவுகளையும் கருவி பட்டியலிட்டுத் தருகிறது.

மொழி விளைவிக்கும் இடர்கள்

கொரிய மொழியும் தமிழைப் போன்றே ஒட்டுநிலை மொழி. பெயர்ச்சொல்லின் இறுதியில் உருபுகள் இணைந்துவரும். பல சொற்கள் இடைவெளியின்றிச் சேர்ந்து ஒரே சொல்லாகவும் எழுதப்படும். எனவே வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத கருவி, உரிய பிரிவைத் தவறவிடக்கூடும்.

பேச்சுவழக்கும் சட்டவழக்கும் வேறுபடுவது மற்றோர் இடர். மாதச் சம்பளத்தை மக்கள் 'வோல்குப்' என்பர். தொழிலாளர் தர நிர்ணயச் சட்டமோ 'இம்கும்' என்னும் சொல்லையே ஊதியத்திற்குக் கையாள்கிறது. கேட்பவரின் சொல்லைச் சட்டத்தின் சொல்லாக மாற்றும் பொறுப்பு முகவரைச் சார்ந்தது.

கிடைத்த பிரிவே விடையாகுமா?

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. நால்வர் மட்டுமே பணிபுரியும் ஒரு கடையில் ஓராண்டு வேலைசெய்த தொழிலாளி, காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கொள்வோம். 'பணிநீக்கம்' என்னும் சொல்லைத் தேடினால், தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கிடைக்கும். நியாயமான காரணமின்றிப் பணிநீக்கம் செய்யலாகாது என்பது அதன் விதி. ஆகவே தொழிலுறவு ஆணையத்திடம் முறையிட்டுப் பணியைத் திரும்பப் பெறலாம் என முகவர் கூறிவிடக்கூடும். ஆனால் அவ்விடை தவறாகும்.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வழக்கமாகக் கொண்ட பணியிடங்களுக்கே அச்சட்டம் முழுமையாகப் பொருந்தும் என்று 11-ஆவது பிரிவு கூறுகிறது. அதனினும் சிறிய இடங்களுக்குப் பொருந்தும் பிரிவுகள் அமலாக்க ஆணையின் அட்டவணையில் தரப்பட்டுள்ளன. நியாயமான காரணம் வேண்டும் என்னும் விதி அதில் இடம்பெறவில்லை. 30 நாள் முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம் தரவேண்டும் என்னும் 26-ஆவது பிரிவு இடம்பெற்றுள்ளது. எனவே அத்தொழிலாளி நாடவேண்டியது முன்னறிவிப்பு ஊதியத்தையே. 'பணிநீக்கம்' என்னும் சொல்லை மட்டும் தேடியவருக்கு 11-ஆவது பிரிவு புலப்படுவதில்லை. அங்கு அச்சொல்லே இல்லை!

காலமும் இவ்வாறே கருதத்தக்கது. தனி ஏற்பாடு இல்லாதபோது, அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 20 நாட்கள் கழிந்தபின் சட்டம் நடைமுறைக்கு வரும் என்பது கொரிய அரசியலமைப்பின் 53-ஆவது பிரிவு. ஆயினும் 2025 ஜனவரி 21-இல் அறிவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு அடிப்படைச் சட்டம், 2026 ஜனவரி 22-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஓராண்டில் அதனைத் தேடி எடுத்தவர், நடைமுறைக்கு வராத சட்டத்தையே கண்டிருப்பார்.

கருவிக்கு வேண்டிய பண்புகள்

இவற்றிலிருந்து சில தேவைகள் தெளிவாகின்றன. முதலாவதாக, கருவி தரும் ஒவ்வொரு பிரிவுடனும் சட்டத்தின் பெயர், பிரிவு எண், அறிவித்த நாள், நடைமுறைக்கு வந்த நாள் ஆகியன இணைந்திருத்தல் வேண்டும். இரண்டாவதாக, பொருந்து எல்லையையும் சொற்பொருளையும் வரையறுக்கும் பிரிவுகளும், தொடர்புடைய ஆணைகளும் அட்டவணைகளும் உடன் காட்டப்படுதல் வேண்டும். மூன்றாவதாக, தேடிய சொல் கிடைக்கவில்லையெனில் அதனை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். சொல் கிடைக்காமையைச் சட்டம் இல்லாமையாகக் கொள்ளலாகாது.

நம் நாட்டிலும் 'இந்தியா கோடு' தளத்தின் வாயிலாக மத்திய, மாநிலச் சட்டங்கள் மக்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றின்மேல் இத்தகைய கருவிகளை அமைக்க முற்படுவோர், தேடலின் வேகத்தைக் காட்டிலும் சட்டமும் அதன் கீழமைந்த விதிகளும் ஒன்றோடொன்று சரிவர இணைக்கப்பட்டிருப்பதிலேயே முதற்கண் கருத்துச் செலுத்துதல் வேண்டும். வேலையிழந்து வந்து நிற்கும் தொழிலாளிக்கு அந்த இணைப்பே பயன் தரும்.