புல்மேட்டுக்குள் ஒரு கோட்டை

கோட்டை என்றதும் கருங்கல் மதில்தான் கண்முன் நிற்கும். ஆனால், வேல்ஸ் எல்லையில், மோன்ட்கொமரி நகருக்கு அருகே உள்ள ஹென் டோமன் கோட்டையில் கல் மதிலே இருந்ததில்லை. இன்று அங்கே காணக்கூடியது ஒரு மண்மேடு, அதையொட்டி ஒரு திடல், சுற்றிலும் தூர்ந்துபோன அகழிகள், அவ்வளவுதான். வேல்ஸ் மொழியில் ஹென் டோமன் என்றால் 'பழைய மேடு' என்று பொருள்.

இது எப்படி கோட்டையாகும்?

1066ஆம் ஆண்டு நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். வென்றவர்கள் சில ஆயிரம் பேர். அடக்கி ஆள வேண்டிய மக்களோ பல லட்சம். கல்கோட்டை கட்ட ஆண்டுக்கணக்காகும். எனவே, நார்மன்கள் மண்ணையும் மரத்தையும் நம்பினர்.

வட்டமாக அகழி தோண்டி, அந்த மண்ணை நடுவே குவித்து இறுக்கினர். இந்த மேட்டுக்கு 'மோட்' என்று பெயர். உச்சியில் மரக்கோபுரம் எழுந்தது. கீழே, மரவேலி சூழ்ந்த திடல் 'பெய்லி' எனப்பட்டது. வீரர்களின் குடியிருப்பு, குதிரை லாயம், சமையற்கூடம் எல்லாம் அங்கேதான். எதிரி திடலைப் பிடித்தாலும் மேட்டில் ஏறித் தற்காத்துக் கொள்ளலாம்.

இந்த மண்ணைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போன உள்ளூர் மக்களே. நகரங்களில் வீடுகளும் பறிபோயின. கோட்டைக்காக லிங்கன் நகரில் 166 வீடுகளும் நோரிச் நகரில் 98 வீடுகளும் அழிந்ததை 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பு காட்டுகிறது.

ஹென் டோமன் கோட்டையை 1070களில் எழுப்பியவர் ரோஜர் டி மோன்ட்கொமரி பிரபு. 1223இல் மூன்றாம் ஹென்றி மன்னர் அருகிலேயே கல்கோட்டை கட்டத் தொடங்கியதும் இதன் முக்கியத்துவம் குறைந்தது.

1960இல் தொல்லியல் ஆய்வாளர் பிலிப் பார்க்கர் இங்கு அகழாய்வைத் தொடங்கினார். பின்னர் ராபர்ட் ஹைகாமும் இணைந்தார். பணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மரங்கள் மக்கிவிட்டன. ஆனால், தூண் நட்ட குழிகளில் மண்ணின் நிறம் மட்டும் மாறியிருந்தது. அந்தக் கறைகளைப் பின்பற்றியே, திடலில் கட்டடங்கள் நெருக்கமாக நின்றதையும், அவை மீண்டும் மீண்டும் கட்டப்பட்டதையும் கண்டறிந்தனர். அவசரத்துக்குப் போட்ட தற்காலிக முகாம் அல்ல இது என்பது புலனானது.

கோட்டைக்கும் அடியில் இன்னொன்று கிடைத்தது. அது ஏர் உழுத சால்கள்! நார்மன்கள் வருவதற்கு முன் அது யாரோ பயிரிட்ட நிலம். அந்த உழவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மண்ணில் மட்டுமே அவர்களின் தடம் உள்ளது.

இத்தகைய மேடுகள் பிரிட்டனில் சட்டத்தால் பாதுகாக்கப்படுவது இதனால்தான். இடிந்த மதிலைத் திரும்பக் கட்டலாம். கலைந்த மண்ணில் அந்தக் கறையை எவராலும் திரும்ப வரைய முடியாது.