மையோடு குப்பைக்குப் போகும் இயந்திரம்

ஏப்ரலில் பிள்ளைகளின் தேர்வு முடிந்ததும் மூடி வைத்த பிரிண்டரை ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில்தான் பல வீடுகளில் மறுபடி திறக்கிறோம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே கேட்டாலும் இதுதான் நடப்பு. வெளியே இடவப்பாதி மழை பிடித்திருக்கும். உள்ளே சேர்க்கைப் படிவம் ஒன்றை அச்செடுக்கப் போனால் எழுத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், அல்லது கறுப்பே வராது. மை தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கி வந்துவிடுகிறார்கள்.

பல நேரங்களில் மை தீர்ந்திருக்காது. கோடை முழுவதும் ஓடாமல் கிடந்ததில், மை வெளியேறும் துளைகளின் வாயில் அது உலர்ந்து அடைத்திருக்கும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளின்மேல் அதன் அடிப்பக்கத்தை ஓரிரு நிமிடம் அழுத்தி வைத்தாலே தாளில் கறுப்பு ஊறி வருவதைப் பார்க்கலாம். ஊறி வந்தால் கார்ட்ரிட்ஜ் உயிரோடு இருக்கிறது. தண்ணீரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. குளச்சல், மணக்குடி போன்ற கரையோர ஊர்களின் உப்பேறிய கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஆகாது. தண்ணீர் ஆவியான பிறகு உப்பு துளையிலேயே தங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது.

அந்தத் துளைகள் எவ்வளவு சிறியவை என்று தெரிந்தால் இந்தக் கவனம் ஏன் என்பது புரியும். தலைமுடியின் தடிமனில் கால்வாசி அளவு துளைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நுண்ணிய மின் சூடேற்றி. மின்துடிப்பு வந்ததும் சில மைக்ரோ விநாடிகளுக்குள் சூடேற்றியின் மேற்பரப்பு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அதை ஒட்டியுள்ள மை ஆவியாகிக் குமிழாகிறது. குமிழ் விரிந்து முன்னால் உள்ள மையைத் துளியாகத் தள்ளிவிட்டு உடைகிறது. காலியான இடத்துக்கு நுண்புழை ஈர்ப்பால் அடுத்த மை தானாக ஏறி வருகிறது. ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கிறது. ஒரு துளியின் அளவைப் பிக்கோலிட்டரில் சொல்வார்கள். ஒரு மில்லி மையை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒன்றுதான் ஒரு பிக்கோலிட்டர்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் ரீஃபில் செய்கிறவர்களுக்குப் பிடிக்கும். 1977-இல் ஜப்பானின் கேனன் ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோ என்ற ஆய்வாளரின் மேசையில், மை நிரப்பிய ஒரு சிரிஞ்சின் ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. ஊசி நுனியிலிருந்து மை பீறிட்டது. வெப்பமே மையைத் தள்ளும் என்பது அந்தக் கணத்தில் தெரிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் எச்.பி. நிறுவனத்தின் ஜான் வாட்டும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். எச்.பி.யின் திங்க்ஜெட் 1984-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் தலையில் 12 துளைகள் மட்டுமே இருந்தன.

இன்றைய செலவுக்கெல்லாம் வேரான ஒரு முடிவு அந்தத் திங்க்ஜெட்டில்தான் எடுக்கப்பட்டது. சூடேற்றித் தேய்ந்துபோகும், துளை அடைத்துக்கொள்ளும் என்று பயந்து, அச்சுத் தலையையும் மைக்கூட்டையும் ஒரே பொருளாக்கி, மை தீர்ந்ததும் இரண்டையும் சேர்த்து எறியும்படி வடிவமைத்தார்கள். அந்தக் காலத்து நுட்பத்துக்கு அது நியாயமான முடிவு. பிறகு தலைகளின் தரம் வெகுவாக உயர்ந்தது. எறியும் பழக்கம் மட்டும் மாறவில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரைக் கழற்றிக் குப்பையில் போடுவதைப் போன்ற வேலை இது. எச்.பி.யின் 680, 803, கேனனின் 745, 746 என்று நம் கடைகளில் தொங்கும் சின்னக் கார்ட்ரிட்ஜ்கள் எல்லாம் இந்த வகைதான். பலவற்றுக்குள் இருப்பது பத்து மில்லிக்கும் குறைவான மை. நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கும் ஒரு தலைக்கும், நிறுவனத்தின் வியாபாரக் கணக்குக்கும் போகிறது. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் ஈடுகட்டுவது அந்தக் கணக்கு.

எச்.பி. 680 கறுப்புக் கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் தரும் என்கிறது நிறுவனம். விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மைக்கு மட்டும் பக்கத்துக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 90 காசு ஆகிறது. ஜெராக்ஸ் கடையில் எடுக்கும் செலவுக்கு அருகில் வந்துவிட்டது. அதே கார்ட்ரிட்ஜை மூன்று முறை ரீஃபில் செய்து ஓட்டினால் இந்தத் தொகை மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். எறிவதா, நிரப்புவதா என்ற கேள்விக்கு என் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: தலை உயிரோடு இருக்கும்வரை நிரப்ப வேண்டும்.

நிரப்புவதில் கைப்பக்குவமும் அறிவியலும் சேர்ந்திருக்கின்றன. கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு பஞ்சு இருக்கிறது. அதன் நுண்துளைகள் மையைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதால்தான், அடியில் இத்தனை துளைகள் திறந்திருந்தும் மை ஒழுகுவதில்லை. பஞ்சின் கொள்ளளவுக்கு மேல் ஒரு மில்லி கூடினாலும் அந்த இழுவிசை போய், பிரிண்டரின் வயிற்றுக்குள் சொட்டத் தொடங்கும். சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் பஞ்சுக்குள் காற்று மாட்டிக்கொண்டு மையின் வழியை மறிக்கும். நிறைய மை இருந்தும் அச்சு வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஊசியை ஆழமாக இறக்கி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மேல் லேபிளுக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளையைச் செல்லோடேப்பால் முழுக்க ஒட்டி அடைப்பது பலர் செய்யும் தவறு. மை இறங்க இறங்க உள்ளே காற்று போயாக வேண்டும். போகாவிட்டால் பத்துப் பக்கத்துக்குள் அச்சு மங்கிவிடும்.

கலர் கார்ட்ரிட்ஜில் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றுக்கும் தனித்தனி அறை. எந்த நிரப்புத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நிரப்புமுன் ஒவ்வொரு துளையிலும் ஒரு பல்குச்சியை விட்டு எடுத்து நிறத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. மஞ்சள் அறையில் நீலம் போய்விட்டால் அந்தக் கார்ட்ரிட்ஜை மீட்பது கடினம்.

எப்போது நிரப்புவது என்பதில்தான் அதிகம் பேர் கார்ட்ரிட்ஜைக் கொன்றுவிடுகிறார்கள். கணினித் திரையில் வரும் 'மை குறைவு' அறிவிப்பு மையை அளந்து சொல்வதில்லை. இத்தனை துளி தெறித்தாயிற்று, ஆகவே இவ்வளவுதான் மீதி என்று எண்ணிச் சொல்லும் ஊகம் அது. அதைப் பார்த்ததும் எறிய வேண்டியதில்லை. அதற்காக, எழுத்து மறையும்வரை ஓட்டவும் கூடாது. சூடேற்றியைக் குளிர்விப்பதே அதன்மேல் ஓடும் மைதான். மை இல்லாமல் துடிப்பு போய்க்கொண்டிருந்தால் சூடேற்றி கருகிப்போகும். பிறகு எந்த மையை நிரப்பியும் பயனில்லை. எழுத்தில் முதல் மங்கல் தெரிந்ததும் நிறுத்தி, அன்றைக்கே நிரப்புவது சரியான நேரம். நிரப்பிய பின்னும் பிரிண்டர் மை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதன் எண்ணிக்கை பழையது. பல கேனன் மாடல்களில் ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அந்தக் கணக்கு கைவிடப்பட்டு அச்சு தொடரும்.

அடுத்தது மை. எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. தண்ணீரில் கரையும் சாயத்தால் ஆனது டை மை. கரையாத மிக நுண்ணிய கரித்தூள் மிதப்பது பிக்மெண்ட் மை. எச்.பி., கேனனின் சின்னக் கார்ட்ரிட்ஜ்களில் கறுப்பு பெரும்பாலும் பிக்மெண்ட், கலர் டை. எப்சனின் 664, 003 டேங்க் மைகள் கறுப்பு உட்பட எல்லாமே டை. இதைத் தெரியாமல் டை மை ஓடும் தலையில் பிக்மெண்டை ஊற்றினாலோ, இரண்டையும் கலந்தாலோ, தூள் திரண்டு துளையை அடைத்துவிடும். பாட்டிலில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா, எந்த வகை மை என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. பெயரே இல்லாத லிட்டர் கேன் மை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

ஆண்டுக்கு இரண்டு பருவமழை வாங்கும் நம் மாவட்டத்தில் இந்த வேறுபாட்டுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. டை மையில் எடுத்த ஹால் டிக்கெட்டில் ஒரு சொட்டு மழை விழுந்தால் பெயர் கலங்கிப் பரவும். பிக்மெண்டில் எடுத்தது அவ்வளவாக அசையாது. ஈரக்காற்றில் தாளே நீரை உறிஞ்சி வைத்திருப்பதால் எழுத்தின் ஓரம் கசியவும் செய்யும். தாள்கட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத உறையில் வைத்தால் கசிவு குறையும். நெடுநாள் இருக்க வேண்டிய பத்திரத்துக்குக் கரியே நல்லது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் கவிமணி கண்டெடுத்த ஓலைகள் நாஞ்சில் நாட்டின் பழைய கணக்கு வழக்குகளை இன்றும் சொல்கின்றன. ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கரி பூசும் பழைய முறைக்கும் இன்றைய பிக்மெண்ட் கறுப்புக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான், கார்பன். அதை வெயிலும் வெளுக்கச் செய்வதில்லை.

எப்சன் தலைகள் வேறு வகை. அவற்றில் சூடு கிடையாது. மின்னழுத்தம் பட்டால் வளையும் பீசோ படிகம் மையை நெட்டித் தள்ளுகிறது. 1993 முதல் எப்சன் இந்த வழியில் போகிறது. தலை பிரிண்டரோடு நிரந்தரமாகப் பொருந்தியிருப்பதால் மைக்கூட்டை மட்டும் மாற்றினால் போதும். இந்த வசதியைப் பிடித்துக்கொண்டவர்கள் ஆசிய ஊர்களின் சின்னக் கடைக்காரர்கள். பிரிண்டருக்கு வெளியே டப்பாக்களை ஒட்டி, மெல்லிய டியூப் இழுத்து, தலைக்கு நேரடியாக மை வரும்படி செய்தார்கள். நம் பக்கம் போட்டோ ஸ்டுடியோக்களிலும் டி.டி.பி. கடைகளிலும் 'டியூப் போட்ட பிரிண்டர்' என்று இதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தோனேசியாவில் இப்படி மாற்றியமைத்த பிரிண்டர்கள் பெருகியதைப் பார்த்த எப்சன், 2010 அக்டோபரில் அங்கேயே தன் சொந்த டேங்க் பிரிண்டரான எல் வரிசையை முதன்முதலாக இறக்கியது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. கேனனும் எச்.பி.யும் பின்னாலேயே வந்தன. சிரிஞ்சும் டியூபும் வைத்து வேலை செய்த அந்தப் பெயர் தெரியாத தொழிலாளர்கள்தான் இந்தத் துறையைத் திருப்பிவிட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எப்சன் 003 கறுப்புப் பாட்டிலில் 65 மில்லி, நிறுவனக் கணக்கில் 4500 பக்கம். பாட்டில் 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 9 காசு. கார்ட்ரிட்ஜின் 1 ரூபாய் 90 காசை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் டேங்க் பிரிண்டர் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தலை நிரந்தரம் என்பதால் அது அடைத்தால் செலவு பெரியது. "வாரமொருக்கா ஒரு பக்கமாவது எடுக்கணும் சாரே, கெடந்து காஞ்சிட்டுன்னா ஒண்ணும் செய்யதுக்கில்ல" என்று ரிப்பேர் கடையில் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. எல்லா நிறமும் வரும்படி ஒரு பக்கம் எடுப்பது, மாதம் கழித்து 'ஹெட் கிளீனிங்' கொடுப்பதைவிட மலிவு. கிளீனிங் ஒவ்வொரு முறையும் நல்ல மையை உறிஞ்சி அடியிலுள்ள கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. அது நிறைந்ததாகக் கணக்கானதும் பிரிண்டர் நின்றுவிடும். இது பழுது என்று நினைத்துப் புதியது வாங்க வேண்டாம். பஞ்சை மாற்றி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் மறுபடி ஓடும். மாதம் பத்துப் பக்கம்தான் தேவை என்றால், ரீஃபில் செய்யக்கூடிய கார்ட்ரிட்ஜ் பிரிண்டரே போதும். கறுப்பு மட்டும் போதுமென்றால் லேசர் இன்னும் நல்லது. டோனர் என்பது உலர்ந்த பிளாஸ்டிக் தூள், மாதக்கணக்கில் கிடந்தாலும் காயாது. எச்.பி.யின் 12ஏ டோனரை நிரப்பித் தராத ஊர் நம் நாட்டில் அரிது. வீட்டில் நிரப்பினால் மாஸ்க் அணியுங்கள். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீரில் தூள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

நிறுவனங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் பல ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் ஒரே நாளில் வேறு நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. முன்பே அனுப்பப்பட்ட மென்பொருளின் வேலை அது. வாடிக்கையாளர்களிடம் இந்தக் கட்டுப்பாட்டைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் டோனர் கூடுகளை நிரப்பி விற்ற ஒரு சிறு நிறுவனத்தின்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2017 மே 30 அன்று உச்ச நீதிமன்றம், விற்ற பொருளின்மீது விற்றவரின் காப்புரிமை தீர்ந்துபோகிறது என்று தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கிய கூடு வாங்கியவருடையது. வீட்டில் நிரப்புகிறவருக்கு ஒரு நல்ல செய்தி: அசல் கார்ட்ரிட்ஜையே மறுபடி நிரப்பும்போது அதன் மின்சுற்று அசலாகவே இருப்பதால் அந்த மென்பொருள் தடை பொதுவாகக் குறுக்கே வருவதில்லை. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் தொடங்கியது. பிரிண்டரும் அதன் மையும் அந்தப் பேச்சில் முன்வரிசைக்கு வர வேண்டும். வீட்டுக்கு வீடு பணம் கசியும் இடம் இது.

எத்தனை முறை நிரப்பினாலும் ஒருநாள் தலை தேயும். கோடுகள் நீங்காது, பிரிண்டர் கார்ட்ரிட்ஜையே அடையாளம் காணாது. அன்று அதை வீட்டுக் குப்பையோடு கட்டிப்போட்டால் நாகர்கோவில் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் போய்ச் சேரும். அங்கே தீப்பிடிக்கும்போதெல்லாம் சுற்றுவட்டாரம் அந்தப் புகையைச் சுவாசிக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின் பட்டியலில் பிரிண்டர் மட்டுமல்ல, கார்ட்ரிட்ஜும் இருக்கிறது. மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. தேய்ந்துபோன கூட்டைப் பொதிந்து வைத்திருந்து, அடுத்ததை வாங்கும் கடையில் கொடுத்து, எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள்.